முப்பது வயதுத் தொடை

என் வீட்டுக்காரருக்கு வயது அறுபத்திரண்டு. அவர் தொடைக்கு மட்டும் முப்பது. அப்படித்தான் அவர் நினைப்பு.

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில். மாடிப்படியில் பீரோ இறங்கும்போது கீழ்ப்பக்கம் பிடிக்கிறவர் மேல்தான் முழுப் பாரமும். நாற்பது வருடமாக அந்த இடம் அவருடையது, யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அங்கே நின்றபோதுதான் தொடைத் தசை கிழிந்தது.

"தசையை ரிப்பேர் பண்ற செல்லெல்லாம் சின்ன வயசுல கூப்பிட்ட உடனே ஓடி வரும். வயசானா ஆளும் கம்மி, வர்றதும் லேட்டு. தினம் பயிற்சி செஞ்சா ஆறு மாசத்துல தேறலாம்" என்றார் டாக்டர்.

"முப்பது வயசுல இதே தொடை பதினஞ்சு நாள்ல ஆறிச்சு" என்று கட்டிலில் நீட்டிப் படுத்தவர்தான். பயிற்சியாவது மண்ணாவது! திங்கட்கிழமை வருவதாக முதலாளிக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

பதினாறாம் நாள், சனிக்கிழமை, கடைக்குப் போய்த் திரும்பினேன். ஆளைக் காணோம். எங்கள் பீரோ சுவரில் சாய்ந்து நின்றது.

"என்னங்க?"

"இங்கதான்" என்றது பீரோவின் பின்பக்கம்.

தூக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தாராம். முதுகில் ஏற்றும்போது தொடை மடங்கி, சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை, எழத்தான் முடியவில்லை. பீரோ கதவைத் திறந்தால் புடவை, போர்வை, பாத்திரம் எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன.

"ஊரார் பீரோவையெல்லாம் காலி பண்ணித்தானே தூக்குவீங்க?"

"முன்னெல்லாம் சாமானோடவே தூக்கியிருக்கேன். இழுடி முதல்ல!"

"முதல்ல முதலாளிக்குப் போன். ஆறு மாசம்னு சொல்லுங்க."

"மாட்டேன்."

"சரி, நான் டீ போடப் போறேன்."

போட்டேன். குடித்தேன். நிதானமாகத்தான். கடைசியில் "போனைக் கொடு" என்றார். இடுக்கு வழியாக நீட்டினேன்.

"தம்பி... ஆறு மாசம் ஆகும்ப்பா."

ஸ்பீக்கரில் முதலாளியின் குரல்: "சரிண்ணே. கீழ்ப்பக்கம் வேற ஆளைப் போட்டுக்கறேன்."

பீரோவைக் காலி செய்து நகர்த்தினேன். அவர் எழவில்லை. கண் கலங்கியிருந்தது.

"கால் வலிக்குதா?"

"வலிக்கறது கால் இல்ல" என்றார்.

கேலி செய்ய நாக்கு நுனியில் நாலைந்து தயாராக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் மறுநாளைக்கு ஒத்திப்போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.