பின்வாசலில் எண்ணப்படாதவர்கள்

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார் என்றால் எல்லாரும் வண்டி ஓட்டுகிறாரா என்றுதான் கேட்பார்கள். அவர் வண்டியில் ஏறுவதே அபூர்வம். எந்த வண்டி நகரத்தின் எந்த நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து கோடு போடுகிறவர் அவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் பென்சிலால்தான் போட்டுப் பார்ப்பார். எங்கள் வீட்டு மேசைவிரிப்பில்கூட அந்தக் கோடுகள் உண்டு, எத்தனை துவைத்தாலும் போகவில்லை.

நேர்மைக்குப் பேர்போன மனிதர். ஆபீஸ் பேனா தவறிப்போய்ச் சட்டைப்பையில் வந்துவிட்டால் மறுநாள் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். என் தம்பி ஒரு இடமாற்றத்துக்குச் சிபாரிசு கேட்டு வந்தபோது கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த நல்ல பெயர் மேல் அவருக்குக் கொஞ்சம் காதல் உண்டு. பெண்டாட்டி நான் சொல்கிறேன், கொஞ்சமில்லை, நிறையவே உண்டு.

அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். எங்கள் நகரத்து மேற்கு நிலையத்துக்குப் பின்னாலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி துவைக்கும் இடத்தில் வேலை. காலையில் வரும் ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாம் கடைசிப் பெட்டிகளில்தான் ஏறுவார்கள். இறங்கியதும் நடைமேடையின் கோடிக்குப் போய், சரிவில் இறங்கி, பார்சல் வண்டிகள் போகும் பின்வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார்கள். எதிரிலேயே ஆஸ்பத்திரி. முன்வாசலுக்குப் போனால் ஊரைச் சுற்ற வேண்டும். நோயாளிகள்தானே என்று காவலாளியும் கண்டுகொள்ள மாட்டார்.

மேற்கு நிலையத்தில் நடைமேடைகளைத் தோண்டிப் புதிதாகக் கட்டும் வேலை வந்தது. சில வண்டிகளை ஊரின் மறுகோடியில் இருக்கும் கிழக்கு நிலையத்துக்குத் திருப்பியே ஆக வேண்டும். எதைத் திருப்புவது? ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை பேர் வந்து இறங்குகிறார்கள் என்று முன்வாசலில் ஆட்களை நிறுத்தி எண்ணினார்கள். அண்ணியின் வண்டிக்குத்தான் கூட்டம் மிகக் குறைவு என்று வந்தது. பின்வாசலில் யாரும் நிற்கவில்லை.

இதை முடிவு செய்ய ஆபீஸில் கூடிப் பேசியபோது, அந்தப் பின்வாசல் விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். சொல்ல வாயெடுத்திருக்கிறார். அதற்குள் மேலதிகாரி சிரித்துக்கொண்டே, "இது உங்க அக்கா வர்ற வண்டியாச்சே! என்ன, இதை மட்டும் திருப்பாம விட்டுடலாமா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள். இவர் வாயை மூடிக்கொண்டார். அந்த வண்டிக்குக் கிழக்கு நிலையம் என்று கோடு போட்டதும் இவர் கைதான்.

அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா, அக்காவுக்காகப் பேசுறான்னு சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போகட்டுமே! உங்க பேரை ஃப்ரேம் போட்டு மாட்டவா போறோம்?"

கை கழுவ எழுந்துவிட்டார். சோறு அப்படியே இருந்தது.

வண்டி மாறியது. கிழக்கு நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அண்ணி தினமும் தாமதம். இன்னொரு தடவை தாமதமாக வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதே வண்டியில் ஒரு தையல்காரர் வருவார், சிறுநீரகம் கெட்டுப்போய் ரத்தம் சுத்திகரிக்க வருகிறவர். நேரத்துக்குப் போகாவிட்டால் அவர் முறை அடுத்தவருக்குப் போய்விடும், மிச்ச நேரத்தில் அரைகுறையாகச் செய்து அனுப்புவார்கள். அவருக்குக் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை என்று அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்.

"என் தம்பிக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா விட்டிருப்பானா? வண்டியில எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு வர்றேன்" என்றார்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அடுப்படி வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக வாயைத் திறந்தார்.

"தெரியும்க்கா. நான்தான் போட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார், அந்தச் சிரிப்பு உட்பட. அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எனக்காகப் பேசினா தப்புன்னு நினைச்சே. சரி. அந்த வண்டியில நான் ஒருத்தி மட்டுமாடா வந்தேன்?"

மறுநாள் இவர் ஆபீஸுக்குப் போனதும் போகாததுமாக மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவரும் மோசமான மனிதர் இல்லை, காது கொடுத்துத்தான் கேட்டிருக்கிறார். "ஆனா எதைக் காட்டி மாத்தச் சொல்றது? வண்டியே அங்க வரலை. இப்ப பின்வாசல்ல ஆளை நிறுத்தி யாரை எண்ணச் சொல்றீங்க?" என்றாராம். நடைமேடையும் தோண்டியாகிவிட்டது. இனி வேலை முடிந்த பிறகு, அடுத்த வருஷம்தான்.

அன்றிலிருந்து மனிதர் படுத்தால் புரள்கிறார், உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒருநாள் காலையில் நானே கிளப்பிக் கிழக்கு நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போட்ட கோட்டைக் கண்ணாலாவது பார்க்கட்டும் என்றுதான்.

கூட்டமெல்லாம் போன பிறகு அண்ணி வந்தார், ஒரு கையில் தன் பை, இன்னொரு கையில் தையல்காரர். அவர் நாலடி நடப்பதும் நிற்பதுமாக வந்தார். பஸ் நிறுத்தத்தில் எங்களைக் கண்டதும் அண்ணி, "என் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

தையல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "ரயில்வே தம்பியா? உங்க அக்கா உங்களைப் பத்தித்தான் பேசிட்டே வருவாங்க. என்ன தம்பி, உங்களால ஒண்ணும் பண்ண முடியலையா?"

இவர் உதடு அசைந்தது. அதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியாமலே நடந்துபோச்சுங்க, பாவம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பஸ் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தையல்காரரைத் தாங்கிப் பிடித்து ஏற்றி, ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டு இறங்கினார்.

"நல்லா இருங்க தம்பி!" என்று ஜன்னல் வழியாகத் தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். இவரும் கும்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி மட்டும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.