என் வீட்டு வாசலில் காய்ச்சிய கூழ்

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது நான் கனடாவுக்குப் போனேன். ஆறு மாதம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். ஒரு வருஷம் ஆகிவிட்டது. திண்டிவனத்தில் வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான் பிடித்துவிடும் என்று மருமகன் சொன்னார். அதனால் வாடகைக்கு விட்டோம். கட்டில் தவிர என் சாமான்களை எல்லாம் பின்பக்க அறையில் போட்டுப் பூட்டி, சாவியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

குடி வந்தவள் வல்லத்துக்காரி. முப்பது வயது இருக்கும். அவள் புருஷன் விழுப்புரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். தினமும் பஸ்ஸில் போய் வருவார். மகளின் படிப்புக்காகத் திண்டிவனத்தில் வீடு பார்த்தார்கள். அவள் ஜாக்கெட் தைப்பாள் என்று முன்னால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் வேண்டாம் என்றிருக்க மாட்டேன். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். சின்ன வயதிலிருந்தே கூச்சம். அந்தத் தெருவில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். பெண்கள் என் வீட்டு கேட் வரைக்கும் வருவார்கள், நின்றபடியே இரண்டு வார்த்தை பேசுவார்கள், போய்விடுவார்கள். உள்ளே வாங்க என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்து, அதை வாய்க்குக் கொண்டுவருவதற்குள் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்காரர் இருந்தவரை எனக்கும் சேர்த்து அவரே பேசினார். அவர் போன பிறகு கேட் சாத்தியே கிடந்தது. ஒருமுறை ரேஷன் கடை வரிசையில், நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருத்தி சொன்னாள்: "அந்தம்மா கிட்ட ஒரு வார்த்த வாங்கணும்னா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கனடா போன ஒரு மாதத்தில் தண்ணீர் மோட்டார் ஏதோ சத்தம் போடுகிறது என்று குடியிருந்தவள் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், எனக்குக் காலை. மோட்டாரைக் காட்டிவிட்டு, போனோடு கூடத்துக்கு வந்தாள். என் கூடத்தில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பூ கட்டினாள். எதிர்வீட்டு அம்மா மடியில் தட்டை வைத்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் என் நிலைப்படியைத் தாண்டாதவள் அவள். போனைப் பார்த்துக் கேட்டாள்:

"யக்கா, நல்லா கீறீங்களா? உங்க ஊட்ல என்னா காத்து வருது யக்கா. ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வயிறு எரிந்தது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றேன். வெளியே ஒரு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் நானே கூப்பிட ஆரம்பித்தேன். தண்ணீர் வந்ததா, முருங்கை பூ வைத்ததா என்று ஏதாவது ஒரு சாக்கு. அவள் போனைத் திருப்பும்போது கூடத்தில் எத்தனை பேர் என்று எண்ணுவேன். என் மகள் ஒருநாள் பிடித்துவிட்டாள்.

"ஏம்மா, குடி வெச்சவங்கள போலீசு மாதிரி நோட்டம் பாத்துகினு இருக்குற?"

"மோட்டாரு ஓடுதான்னு கேட்டேன்."

"மோட்டார கேக்குறதுக்கு, பச்ச புடவ யாருன்னு எதுக்கு கேக்குற?"

பச்சைப் புடவை யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெருக்கோடி வீட்டு மருமகள் அவள். ரேஷன் கடையில் மனு கொடுக்கச் சொன்னவள்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் தெருவில் மாரியம்மனுக்கு வருஷா வருஷம் கூழ் ஊற்றுவார்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் அடுப்பு போட்டுக் கேப்பைக் கூழ் காய்ச்சுவார்கள். தெருவிலேயே பெரிய வாசல் என் வீட்டு வாசல்தான். தண்ணீர்க் குழாயும் அங்கேயே இருக்கிறது. ஆனால் ஒரு வருஷமும் யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்த வருஷம் குடியிருந்தவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, கூழு இந்த வருசம் நம்ம ஊட்டு வாசல்ல காய்ச்சலாம்னு சொல்றாங்கம்மா. உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லிட்டேன்."

நம்ம ஊட்டு வாசல். "செய்ங்க" என்றேன்.

"உங்க ரூம்ல பெரிய பித்தள அண்டா கீதாமே. எதிரூட்டு அக்கா சொன்னாங்க. எடுத்துக்கலாங்களா?"

"அது ஓட்டைம்மா" என்றேன்.

ஒரு வார்த்தை பேச ஒன்பது முறை யோசிக்கிறவள் நான். பொய் மட்டும் யோசிக்காமல் வந்தது.

"எங்கம்மா ஓட்ட?"

"அடியில."

அது என் கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த அண்டா. ஒரு ஊசி முனை அளவுக்குக்கூட ஓட்டை கிடையாது. ஊருக்குக் கிளம்பும் முன்னால் புளி போட்டுத் தேய்த்து நானே கவிழ்த்து வைத்தேன். பெரிய அண்டா கிடைக்காவிட்டால் அடுப்பை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

நாலாம் நாள் வீடியோவில் கூப்பிட்டாள். என் வாசல் முழுக்கப் பெண்கள். நடுவில் என் அண்டா. கூழ் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ஓட்டைய அடச்சாச்சும்மா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா துடுப்போடு திரும்பினாள். "இவ்ளோ நல்ல அண்டாவ இத்தினி வருசமா ஒளிச்சி வெச்சிகினு இருந்தீங்களே யக்கா."

பிறகு குடியிருந்தவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கோச்சிக்காதீங்கம்மா. பாத்திரக் கடையில குடுத்து ஓட்டைய பத்த வெச்சி, உங்களுக்கு ரெடி பண்ணி வெக்கலாம்னுதான் ரூம தொறந்தோம். தண்ணி ஊத்தி வெச்சி பாத்தேன், ஒழுவல. பழைய சாமானு, உங்களுக்கு மறந்திருக்கும். அவங்க கிட்ட அடச்சாச்சுன்னே சொல்லிட்டேன்."

நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. ஏன் பொய் சொன்னீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை. என் வீட்டை வாங்கிக்கொண்டாள், தெருவை வாங்கிக்கொண்டாள், கடைசியில் என் மானத்தையும் அவளே காப்பாற்றினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊருக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கே மகளிடம் சொன்னேன். வீட்டைக் காலி செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகள்தான் சொன்னாள். "ஊட்டுக்காரம்மா வர்றாங்கன்னா குடுக்கணும் இல்ல" என்று மட்டும் குடியிருந்தவள் சொன்னாளாம். பின்தெருவில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் வந்து கதவைத் திறந்தபோது வீடு கழுவிவிட்டுச் சுத்தமாக இருந்தது. ஏதாவது ஒரு குறை கிடைக்குமா என்று அறை அறையாகத் தேடினேன். கூடத்துச் சுவரில் ஒரு ஆணி ஓட்டை அகப்பட்டது. சந்தோஷமாக இருந்தது. காலண்டர் மாட்ட என் வீட்டுக்காரர் அடித்த ஆணி அது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் பெண்கள் வந்தார்கள். கேட் வெளியிலேயே நின்று, எப்போது வந்தேன், பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டார்கள். பிறகு துணிப்பையோடு பின்தெருவுக்குப் போனார்கள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. போகும்போது என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்கள் பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்டது.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா தனியாகப் போனாள். அக்குளில் ஒரு ஜாக்கெட் துணி. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"உள்ள வாங்க" என்றேன்.

"என்னாக்கா?"

குரல் எழும்பவில்லை போலிருக்கிறது. "வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு போங்க" என்றேன்.

அவள் பின்தெருப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து தையல்காரியைப் பற்றித்தான் பேச்சு. அவள் அளவே எடுக்காமல் கண்ணாலேயே பார்த்துத் தைப்பாளாம். அவள் புருஷனைப் போல நடந்து காட்டினால் வயிறு வலிக்கச் சிரிக்கலாமாம். "அது இல்லாம தெருவே தெருவா இல்லக்கா" என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். எரிச்சலில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

போகும்போது, "நாளைக்கி வர்றேங்க்கா" என்றாள்.

நாளைக்கும் அவளைப் பற்றித்தான் பேசுவாள். பால்காரர் வந்ததும் நாளையிலிருந்து கால் லிட்டர் கூட ஊற்றச் சொன்னேன்.