பின்னேரத்தில் ஒரு பரீட்சை

காலாப்பட்டில், பல்கலைக்கழக நிறுத்தத்தில் நான் பேருந்தை விட்டு இறங்கும்போதெல்லாம் மாணவர்கள் யாராவது ஒருவர் ஓடி வந்து கேட்பார்: “மேம், இன்னிக்கு கிளாஸ் இருக்கா?” முந்தைய நாளே வகுப்பின் கைபேசிக் குழுவில் போட்டிருப்பேன். பாடத்துக்கான இணையப் பக்கத்திலும் ஏற்றியிருப்பேன். போதாக்குறைக்கு அறைக்கதவில் தாளும் ஒட்டியிருப்பேன். அத்தனைக்கும் கீழே கட்டைவிரல் படம் போட்டு ஒப்புதல் சொன்ன அதே பிள்ளைதான் என் முன்னால் நின்று கேட்கும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தபோது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கினால் அதோடு பேச்சு முடிந்தது. விரிவுரையாளரை வழிமறித்துக் கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வந்திருக்காது.

உதவித்தொகை ஒன்றில் புதுச்சேரிக்கு ஆய்வு மாணவியாக வந்து இது எனக்கு இரண்டாவது வருடம். லாஸ்பேட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். என் பேராசிரியரை எல்லோரும் லூர்து சார் என்பார்கள். எந்தக் கணக்கை இயந்திரத்தால் தீர்க்க முடியும், எதை எந்தக் காலத்திலும் தீர்க்க முடியாது என்று ஆராயும் கோட்பாட்டுப் பாடத்தை அவர் நடத்துகிறார். கணினியைத் தொடாமல் வெறும் சுண்ணக்கட்டியால் நடக்கும் கணினிப் பாடம் அது. அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த அன்று என்னிடம் சொன்னார்: “பாடத்த நான் பாத்துக்கறேம்மா. எப்ப கிளாஸ், எப்ப டெஸ்ட், எதுவரைக்கும் படிக்கணும், இதெல்லாம் புள்ளைங்களுக்குப் போய்ச் சேரணும். அது உன் பொறுப்பு.”

இது ஒரு வேலையா என்று அப்போது நினைத்தேன். நோர்வேக்குப் போன என் சிநேகிதி பனியோடும் புரியாத மொழியோடும் மல்லுக்கட்டுகிறாள். நான் தமிழிலிருந்து தமிழுக்குத்தானே வந்திருக்கிறேன்? முதல் வாரமே ஓர் இடறல். ஒரு தேற்றத்தின் நிறுவலை விளக்கிவிட்டு வழக்கம்போல “விளங்குதா?” என்று கேட்டேன். பின்வரிசையில் யாரோ “வெளங்கிடும்” என்று முணுமுணுக்க, வகுப்பே சிரித்தது. ஊரில் அது புரிந்ததா என்ற கேள்வி. இங்கே உருப்படாத காரியத்தைப் பார்த்துச் சொல்லும் கேலி. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகும் நான் எச்சரிக்கையாகவில்லை.

பருவத்தின் நடுவில் வரும் பரீட்சை ஒரு வியாழக்கிழமை காலைக்குக் குறிக்கப்பட்டிருந்தது. லூர்து சாருக்குக் காலையில் ஏதோ கூட்டம் வந்துவிட, பரீட்சையைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றச் சொன்னார். வழக்கமாக அறிவிப்புகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன். அன்று பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி குரல்செய்தி மட்டும் அனுப்பினேன், இணையப் பக்கத்தில் ஏற்றவோ கதவில் தாள் ஒட்டவோ இல்லை: “பிள்ளையள், வியாழக்கிழமை பரீட்சை காலமை இல்லை. பின்னேரம்தான் நடக்கும். எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ.” கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. வியாழன் காலை பேருந்து நிறுத்தத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவழியாக என் அறிவிப்புகளை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று மனதுக்குள் மகிழ்ந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு அறைக்குள் ஐந்து பேர்தான் இருந்தார்கள். முன்வரிசையில் இருந்த வினோத்திடம் மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன்.

“டெஸ்ட்டு தள்ளிப் போயிடுச்சின்னு கெளம்பிட்டாங்க மேம். நீங்கதான பின் நேரம்னு சொன்னீங்க? காலம் இல்லன்னீங்க. அப்புறம் ஒரு நாளைக்கு வெப்பாங்கன்னு நெனச்சிட்டாங்க.”

“அப்ப நீ எப்படி வந்தாய்?”

“எனக்கும் புரியல மேம். எதுக்கும் இருக்கட்டும்னு மத்தியானத்துலேர்ந்து நாங்க அஞ்சு பேரும் இங்கயே உக்காந்திருக்கோம்.”

எனக்குச் சுகன்யாவின் நினைவு வந்தது. கனகசெட்டிக்குளத்துப் பெண். போன பருவத்தில் மஞ்சள்காமாலையில் படுத்துப் பரீட்சைகளைத் தவறவிட்டவள். இதையும் தவறவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் போய்விடும். மறுபரீட்சை வைப்பதில்லை என்பது லூர்து சாரின் பழைய உறுதி. வராந்தாவுக்கு வந்து அவளை அழைத்தேன். பேருந்தின் இரைச்சலுக்குள் அவள் குரல் கேட்டது.

“அப்பாவ மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரிக்கு இட்டும் போறேன் மேம். மரக்காணம் தாண்டிட்டோம். இன்னிக்கா டெஸ்ட்டு? ஐயோ! நான் எறங்கிடறேன். யப்பா, அந்தப் பைய எடு...”

“இறங்காதை, சுகன்யா. நான் சேரோட கதைக்கிறன்.”

“கதையா? இன்னா கதை மேம்?”

இன்னொரு சொல் வழுக்கினால் அந்த மனிதர் கண் தெரியாமல் நடுவழியில் பையோடு நிற்பார். “எறங்காத. அப்பாவ கூட்டிட்டுப் போ. நான் சார்கிட்ட பேசிக்கிறேன்” என்றேன். அவர்களுடைய தமிழில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை.

லூர்து சார் வினாத்தாள் கட்டோடு வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சுகன்யாவிடம் இறங்க வேண்டாம் என்றதையும் சொன்னேன். அவர் நெற்றி சுருங்கியது.

“பின்னேரம்னா?”

“மத்தியானத்துக்குப் பிறகு, சேர்.”

வினாத்தாள் கட்டை மேசையில் வைத்தார். “எங்கப்பா வீட்ல அப்ரே மிதின்னுதான் சொல்வாரு. பிரெஞ்சுல அதுவும் மத்தியானத்துக்கு அப்புறம்தான். அது எனக்குப் புரியுது, உன் தமிழ் புரியல பாரு.” சிரித்தார். உடனே குரல் மாறியது. “ஆனா படிச்சிட்டு வந்து உக்காந்திருக்காங்களே, இவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?”

வினோத் எழுந்தான். “திங்கக்கிழமை எல்லாரோடயும் சேர்ந்து எழுதறோம் சார்.”

அவனுக்குப் பின்னால் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: “எனக்கும் ரெண்டு நாள் கெடச்சா நல்லதுதான் சார்.”

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. “சரி, திங்கக்கிழமையே வெச்சிக்கலாம்” என்று கட்டை எடுத்துக்கொண்டு வெளியேறும்போது சார் என் பக்கம் திரும்பினார். “சேதி அனுப்பறது ஒண்ணு. போய்ச் சேந்துச்சான்னு தெரிஞ்சுக்கறது வேற ஒண்ணு. கட்டை வெரல நம்பாதம்மா.”

காலையில் ஓடி வந்து கேட்கும் பிள்ளைகள்மேல் இருந்த எரிச்சல் அன்றோடு போயிற்று. எழுத்தில் வந்ததை ஒரு மனித வாயிலிருந்தும் கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சில நாட்களில் அது ஒரு முகமன் மட்டுமே, சாப்பிட்டீங்களா என்பதைப் போல. இப்போதெல்லாம் நான் ஓர் அறிவிப்பை அனுப்பியதும் சுகன்யா அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிக் குழுவில் போடுவாள். திங்கட்கிழமைப் பரீட்சையில் அவள் வாங்கிய மதிப்பெண் பெரிதல்ல, இறுதித் தேர்வு எழுதப் போதுமானது.

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்திருந்தபோதுதான் இறுதித் தேர்வின் முடிவு வந்தது. முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசியில் சுகன்யா கத்தினாள்: “மேம், நான் பாஸாயிட்டேன்! எப்ப வரீங்க?”

“அடுத்த வாரம் வந்துடறேன்” என்றேன். அதே நேரம் குசினிக்குள்ளிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். “வாறன் அம்மா” என்று திரும்பிச் சொன்னேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“ஆர் பிள்ளை வந்திருக்கினம்? ரெண்டு பேர் கதைச்சது மாதிரிக் கேட்டுது.”