தங்கச்சி தேர்ந்தெடுத்த பிராசசர்

சென்னையிலிருந்து பேசிய அரங்கநாதன் சார் போனை வைத்தபோது மணி நாலு பத்து. என் தங்கை சகாய பிரியா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரையில் ஒரு சிப்பாய் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றிருந்தான். பழைய கம்ப்யூட்டர் உறைந்துபோய்ப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

"என்னடி சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கொரல் நல்லா இருக்காம். மிஷின்தான் ஒதவலயாம். மாத்திட்டு வாங்க, இன்னும் ஒரே ஒரு தடவ சான்ஸ் தரேங்கிறாரு. மே மாசக் கடைசி ஞாயித்துக்கெழம. அன்னிக்கும் நின்னுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்களாம்."

அப்போது மார்ச் மாதம் இரண்டாவது வாரம்.

அரங்கநாதன் சாரின் நிறுவனம் இணையத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறது. ஐந்து பேர் ஓர் அணி, சுட்டு வீழ்த்தும் ஆட்டம். கிரிக்கெட்டுக்கு இருப்பதைப் போல அதற்கும் வர்ணனையாளர் வேண்டும். தமிழுக்கு ஆள் தேடினார்கள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை, மாதச் சம்பளம். ஆனால் பேசினால் மட்டும் போதாது. ஆட்டத்துக்குள் பார்வையாளராக நுழைந்து, பத்துப் பேரில் யாரைக் காட்டுவது என்று நொடிக்கு நொடி மாற்ற வேண்டும். அதை நேரலையாக அனுப்ப வேண்டும். கூடவே ஒரு பதிவு எடுக்க வேண்டும். பார்க்கிறவர்கள் எழுதும் கேள்விகளை ஓரக்கண்ணால் படித்துப் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்.

இதற்காகவே பிறந்தவள் பிரியா என்று நான் சொன்னால் அக்கா பெருமை பேசுகிறாள் என்பார்கள். பேசிவிட்டுப் போகிறேன். எங்கள் சொந்த ஊர் வரதராசன்பேட்டை. அவள் பதினொன்றாவது படிக்கும்போது கோயில் திருவிழா வாலிபால் போட்டிக்கு மைக் பிடிக்க வேண்டியவர் வரவில்லை. இவள் போய் மைக்கை வாங்கினாள். மூன்று மணி நேரம் நிறுத்தவில்லை. முந்திரிக் கொல்லையில் வேலையாக இருந்த அப்பா, ஒலிபெருக்கியில் கேட்டே எந்த அணி எத்தனை புள்ளி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு அவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். நான் பத்தாவதோடு நின்று தையல் கற்றேன். இப்போது இரண்டு பேரும் அரியலூரில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். முன்னறை என் தையல் கடை. உள்ளறை அவளுக்கு.

மூன்று வாரம் அவள் வேறு எதுவும் பேசவில்லை. என் அளவு நோட்டில் பத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான பிராசசர் சிப்புகளில் எது, எத்தனை கோர், எவ்வளவு சூடு, எந்த ஆட்டத்தில் எப்படி ஓடுகிறது என்று கட்டம் கட்டமாக எழுதினாள். கோர் என்றால் என்ன என்று கேட்டேன்.

"ஒரு கோர்ங்கிறது ஒரு தையக்காரின்னு வச்சுக்க. ஆறு கோர்னா ஆறு பேரு. ஒருத்தி ஆட்டத்தப் பாத்துக்குவா, ஒருத்தி லைவ் அனுப்புவா, ஒருத்தி பதிவெடுப்பா. பழைய மிஷின்ல ரெண்டே பேரு. தீவாளிக்கு மொத நாளு நீ ஒத்தையா ஒக்காந்திருப்பியே, அப்பிடி."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிராசசருக்குப் பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்து, ஏப்ரலில் பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம். அங்கே கருப்பண்ணன் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பிரியா சீட்டை நீட்டியதும் அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"பாப்பா, இது ஐ செவன். யூஸ் பண்ணதுதான், ஆனா கல்லு மாதிரி இருக்கு. நீ எழுதியிருக்கறது அஞ்சாம் நம்பரு. ஏழு பெருசா, அஞ்சு பெருசா?"

"எந்த வருசத்து ஏழுண்ணே?"

"வருசத்த எதுக்குக் கேக்குற, மாப்ள பாக்கவா வந்துருக்க?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரியா சிரிக்கவில்லை.

"அதுக்கு ஒம்போது வருசம் ஆச்சுண்ணே. நாலு கோர்தான். எனக்கு ஆறு வேணும். படம் காட்டுறதும் அந்தச் சிப்புக்குள்ளயே இருக்கணும். தனி கார்டு வாங்க எனக்கு வழியில்ல."

"கார்டு இல்லாம கேமா? அரிசி இல்லாம சோறாக்குவ போலருக்கே!"

"ஆக்கிக் காட்டுறேண்ணே."

எனக்கும் ஏழுதான் நல்லதோ என்று பட்டது. அவள் கையை அழுத்தி, "அண்ணன் சொல்றதயுந்தான் கேளேன்" என்றேன்.

"அக்கா, பத்து வருசத்துக்கு முன்ன எடுத்த அளவ வச்சு இப்ப யாருக்காச்சும் ஜாக்கெட் தைப்பியா?"

கருப்பண்ணன் முணுமுணுத்துக்கொண்டே அவள் கேட்டதை வரவழைத்துக் கொடுத்தார். "நின்னுபோச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காத" என்று சொல்லியும் அனுப்பினார்.

வீட்டில் பிரியாவே எல்லாவற்றையும் ஒரு புதுப் பெட்டிக்குள் பூட்டினாள். பிராசசரை அதன் இடத்தில் வைக்கும்போது அவள் மூச்சை அடக்கியதைப் பார்த்து நானும் அடக்கினேன். முதல் தடவையிலேயே திரை ஒளிர்ந்தது. அன்று முதல் தினமும் ஒத்திகை. ஆட்டம் ஒரு பக்கம், நேரலை ஒரு பக்கம், பதிவு ஒரு பக்கம், பாட்டு வேறு. படத்தின் தரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தாள். ஓரத்தில் சிப்பின் சூட்டைக் காட்டும் எண் ஒன்று ஓடும். "இது தொண்ணூத்தஞ்சத் தொட்டா சிப்பு தானா வேகத்தக் கொறச்சுக்கும். அப்பறம் எல்லாம் வெட்டி வெட்டிதான் வரும்" என்றாள். எங்கள் ஒத்திகைகளில் அது எழுபத்தெட்டைத் தாண்டியதே இல்லை.

எங்கள் தெருமுனை வழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிமெண்ட் ஆலைக்குப் போகும். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் பேர் எழுதலாம். தையல் மிஷின், டிவி, மிக்ஸி என்று இந்த வீட்டில் உறை இல்லாத பொருள் கிடையாது. எல்லாம் நான் தைத்தவை. பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி சூடேறியதற்குத் தூசியும் ஒரு காரணம் என்பதால், புதுப் பெட்டியின் முன்பக்கக் காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலைத்துணியில் உறை ஒன்று தைக்கச் சொன்னாள் பிரியா. தைத்துப் போட்டேன்.

கடைசி ஞாயிறும் வந்தது. ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டு ஐந்துக்குக் கடைசி ஒத்திகையைத் தொடங்கினாள். மைக்கில் சத்தம் விழும் என்று மேசை ஃபேனை நிறுத்தியிருந்தோம். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு இருபத்தொன்றுக்குப் படம் ஒரு முறை விக்கியது. அவள் முதுகு நிமிர்ந்தது. மறுபடி விக்கியது. பிறகு ஓடுகிறவன் ஓட்டத்தின் நடுவே காணாமல் போய் வேறிடத்தில் முளைத்தான்.

"என்னடி?"

"தொண்ணூத்தஞ்சு."

எல்லாவற்றையும் மூடித் திறந்தாள். ஏழு நிமிடத்தில் மறுபடி அதே எண். போனை எடுத்துக் கருப்பண்ணனைக் கூப்பிட்டாள். அவர் குரல் எனக்கே கேட்டது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல பாப்பா? ஏழ வாங்கியிருந்தா இந்நேரம் காலாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்ப. எடுத்துட்டு வா, பாப்போம்."

"மூணு மணிக்கு ஆட்டம்ணே."

"அப்ப மாதாவ வேண்டிக்க."

போனை வைத்தாள். "தப்பா வாங்கிட்டனாக்கா? அவரு சொன்னதுதான் சரியா?" என்றாள். மூன்று வாரம் கட்டம் கட்டி எழுதியவள் அப்படிக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் அவளே தலையை ஆட்டினாள். "இல்ல. வெள்ளிக்கெழம வரைக்கும் எழுவத்தெட்டு. நேத்து கொரலுக்கு ஓய்வுன்னு ஓட்டியே பாக்கல. சிப்பு அதே சிப்பு, ஆட்டம் அதே ஆட்டம். வெள்ளிக்கெழமைக்கு அப்பறம் என்ன மாறிச்சு? காத்து உள்ள போகலன்னாதான் இப்பிடி ஏறும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது பெட்டியின் உள்விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். வெள்ளையாகத் தூசி ஒட்டியது. வலைத்துணி போதவில்லை என்று உறையைக் கழற்றி, ஜாக்கெட்டுக்குப் போடுகிற லைனிங் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்தேன். ஒன்றுக்கு இரண்டு மடிப்பு. தையல் வெளியே தெரியாமல் சுத்தமாக. சின்ன விஷயம்தானே என்று அவளிடம் சொல்லவில்லை.

"பிரியா, நாந்தான்டி" என்றேன். "உறைக்குள்ள லைனிங் வச்சேன்."

என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. எழுந்து போய் உறையைப் பிடித்து இழுத்து வீசினாள். பக்கத் தகட்டையும் கழற்றினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மணி இரண்டு நாற்பத்தொன்று. இதில் ஒரு சங்கடம் இருந்தது. சரியாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் கால் மணி நேரமாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டினால் சூடேறிய பெட்டியோடுதான் ஆட்டத்துக்குள் போக வேண்டும். ஓட்டாவிட்டால் எதுவும் தெரியாமல் போக வேண்டும்.

"ஆறட்டும்" என்று கம்ப்யூட்டரை நிறுத்தினாள். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மறுபடி போட்டாள். "அக்கா, இங்க ஒக்காரு. இந்த நம்பர மட்டும் பாரு. எண்பத்தஞ்சத் தாண்டுனா வெரல்ல காட்டு. வாயத் தொறக்காத."

ஆட்டம் தொடங்கியது. அவள் குரல் எழுந்தது. நான் எண்ணைப் பார்த்தேன். அறுபத்தாறு. எழுபத்தொன்று. பத்தாவது நிமிடம் எழுபத்தெட்டு. ஜன்னலைச் சாத்தியிருந்தோம், மே மாதத்து அறை. என் கழுத்திலிருந்து வேர்வை இறங்கியது. அவள் சிரித்தபடி யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். எண்பத்திரண்டு. தெருமுனையில் லாரி திரும்பும் சத்தம். திறந்து கிடந்த பெட்டியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நாற்பதாவது நிமிடம் எண்பத்தாறு. விரலைக் காட்டினேன். அவள் கண்ணை மட்டும் அசைத்தாள். எண்பத்தொன்பது. ஒத்திகையை விட நிஜ ஆட்டம் கனமாக இருந்தது. புகைக் குண்டும் தீயுமாகத் திரை நிறைந்துகொண்டே இருந்தது. தொண்ணூற்றொன்று. நான் மேசை ஃபேனின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் பேச்சை நிறுத்தாமலே என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஃபேன் போட்டால் அவள் குரலுக்குப் பின்னால் காற்று இரைச்சல்தான் கேட்கும்.

தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றுமூன்று.

அவள் வலது கை மவுஸை நகர்த்தியது. திரையின் ஓரத்தில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த பதிவுப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு அணைந்தது. ஆறு பேரில் ஒருத்தியை வேலையிலிருந்து எழுப்பிவிட்டாள். பதிவு கட்டாயம் வேண்டும் என்று அரங்கநாதன் சார் இரண்டு தடவை எழுதியிருந்தார். அந்தத் தாள் அவள் கண்ணெதிரே சுவரில்தான் ஒட்டியிருந்தது.

தொண்ணூறு. எண்பத்தெட்டு. அங்கேயே நின்றது. ஆட்டம் முடியும் வரை ஒரு முறைகூட விக்கவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். என்னிடம் பேசவில்லை. ஐந்து இருபதுக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரெக்கார்டிங் அனுப்புங்கம்மா" என்றார் அரங்கநாதன் சார்.

"பாதிக்கு மேல இல்லீங்க சார்."

"ஏன்?"

"மிஷின் சூடாயிருச்சு சார். லைவ் நிக்கணும், இல்லன்னா பதிவு நிக்கணும். பாக்குறவங்க லைவ்லதான் இருந்தாங்க. அதனால பதிவ நிறுத்திட்டேன்."

"சாட்ல எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டு நீங்க பதில் போடுறதுக்குள்ள ஒரு ரவுண்டு முடிஞ்சிருக்கும் சார்."

எதிர்த்துப் பேசிவிட்டாளே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் யாரிடமோ மெதுவாக எதையோ கேட்பது கேட்டது. பிறகு திரும்பி வந்தார்.

"சனிக்கெழம ரெண்டு மேட்ச் இருக்கு. ரெக்கார்டிங்க இனிமே நாங்க இங்கயே எடுத்துக்குறோம். நீங்க லைவ் மட்டும் நிக்காமப் பாத்துக்கங்க. வேலைக்கான ஆர்டர் மெயில்ல வரும்."

"சரிங்க சார்" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது.

அவள் முகம் கழுவப் போனாள். நான் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, வேலை கிடைத்துவிட்டது என்றேன். "ஆட்டத்துல யாரு செயிச்சா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்தத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், அந்த ஓர் எண்ணைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அதைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். ஈர முகத்தோடு வந்த பிரியா, "கொண்டா இங்க, ஒனக்கு என்ன தெரியும்" என்று போனைப் பிடுங்கினாள். ஆட்டம் முடிந்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் ரவுண்டிலிருந்து அப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நானும் அப்போதுதான் அந்த ஆட்டத்தைக் கேட்டேன்.