விசாரணை மேசைக்காரியின் இருமல்

புத்தகத்தின் முதுகில் எண் சீட்டை ஒட்டி, மேலே டேப்பை இழுத்து, குமிழ் விழாமல் கட்டைவிரல் நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள் என் தம்பி மனைவி. பல்கலைக்கழக நூலகத்தில் வாசலை ஒட்டியிருக்கும் விசாரணை மேசை அவளுடையது. எது எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்களுக்கு வழி சொல்வாள். ஆள் இல்லாத நேரத்தில் சீட்டு ஒட்டுவாள். மாணவர்கள் அவளை விசாரணை அக்கா என்பார்கள். பொருத்தமான பெயர்தான். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பி, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை விட்டுத் தம்பி வீட்டோடு வந்தபோது, என் மாத்திரைகளை என்னைவிட அதிகம் சோதித்தது அவள்தான்.

அன்று ஒரு பெண் அவள் மேசைக்கு வந்தாள். நூலகத்தின் இணையதளத்தை மாற்றியமைக்க வந்த வடிவமைப்பாளர்.

"பழைய தளம் ஆபீஸ் வசதிக்குப் பண்ணது மேடம். படிக்க வர்றவங்களுக்கு என்ன வேணும்னு பார்த்து மாத்தப் போறோம். ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு, இந்தப் புத்தகத்தைத் தேடுங்க, திருப்பிக் குடுக்கிற தேதியைத் தள்ளிப் போடுங்கன்னு சொல்வோம். ஒரு ரூம்ல நான் இருப்பேன். இன்னொரு ரூம்ல நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும். வாயை மட்டும் திறக்கக் கூடாது."

"தப்பான இடத்துக்குப் போனா?"

"போகட்டும் மேடம். எங்க தடுமாறுறாங்கன்னுதானே பாக்கறோம்."

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"அண்ணி, இது என் சீட்டைக் கிழிக்கிற வேலை. தளமே எல்லாத்தையும் சொல்லிட்டா என்னை எதுக்கு வாசல்ல வெச்சிருப்பாங்க?"

"அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லிச்சா?"

"சொல்வாளா? சிரிச்சா. அதுதான் எனக்கு இடிக்குது."

"உன்னைப் பாத்து ஒருத்தர் சிரிச்சாலே போலீஸ்ல சொல்லணும்டி," என்றான் தம்பி.

"நீங்க சும்மா இருங்க."

சோதனை நடந்த நாள்களில் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. என் ரூம்ல எல்லாரும் பாஸ் என்றாள். நூலகத்துத் தூசியில் இருமல் வந்துவிட்டது என்றும் சொல்லி வைத்தாள். நான் கேட்டுக்கொண்டேன். வீட்டில் ஒரு தடவைகூட அவள் இருமவில்லை.

கடைசி நாள் பேயறைந்தவள் போல வந்தாள். நூலகத் தலைவர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

"உங்க ரூம்ல எல்லாரும் யார் உதவியும் இல்லாம கண்டுபிடிச்சிட்டாங்க. அப்ப தளம் நல்லாத்தான் இருக்கு. மாத்த வேண்டாம். அதே மாதிரி வாசல்ல விசாரணை மேசையும் வேண்டாம். கீழ்த்தளக் கிடங்குல பழைய பத்திரிகைகளை அடுக்க ஆள் இல்ல. அடுத்த வாரத்துலேருந்து அங்க போயிடுங்க."

தன் அறையில் பாதிப் பேர் முதல் பக்கத்தையே தாண்டவில்லை என்று வடிவமைப்பாளர் சொல்லிப் பார்த்தாளாம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் பக்கத்தில் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டடப் படம் அவர் தேர்ந்தெடுத்தது.

கிடங்கில் ஜன்னல் கிடையாது. யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள். நாளெல்லாம் பேசிப் பழகியவளுக்கு அதைவிடத் தண்டனை இல்லை. ஆனாலும் எனக்கு வேறொன்று உறுத்தியது.

"இந்த இருமல் எப்படி வந்துச்சு?" என்றேன்.

"தூசி அண்ணி."

"நேத்து அலமாரி மேல துடைச்சியே, ஒரு தும்மல்கூட வரல. நல்லா மூச்சை இழுத்து விடு."

விட்டாள். சளியும் இல்லை, இரைப்பும் இல்லை.

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல. தொண்டையிலதான் ஏதோ வேலை நடந்திருக்கு. சொல்லு."

நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் வாயைத் திறக்கல அண்ணி. திரையில அம்புக்குறி தப்பான பக்கம் போனா ஒரு க்கும். அவ்வளவுதான்."

அவ்வளவு போதும். வாசிப்பறையில் யார் பேசினாலும், பொட்டலம் பிரித்தாலும், பல வருஷமாக அவள் கொடுக்கும் எச்சரிக்கை அந்த க்கும். கேட்டதும் கையை எடுத்துவிடுவார்கள். அவள் சும்மா இருந்தால் சரியான இடம் என்று அர்த்தம். பழைய தளமே போதும் என்று தெரிந்தால் வந்தவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள், மேசை தப்பிக்கும் என்பது அவள் போட்ட திட்டம்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "அடிப்பாவி! இருமி இருமியே உன் மேசைக்கு ஆப்பு வெச்சுக்கிட்டியே!"

"திரை, சத்தம் எல்லாத்தையும் அந்தப் பொண்ணு பதிவு பண்ணியிருக்கா அண்ணி. கேட்டிருப்பாளோ? கேட்டுட்டுத்தான் சொல்லாம இருக்காளோ?"

"அதை அவகிட்டயே போய்க் கேளு. இருமினது நான்தான்னு தலைவர்கிட்டயும் சொல்லிடு."

"வேலையே போயிட்டா?"

"கிடங்குக்குத்தான் தள்ளியாச்சே. அதுக்குக் கீழ இன்னொரு தளம் இருக்கா?"

அவள் எழுந்து போனாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போல் கதவை இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை நூலகம் திறந்ததும் வடிவமைப்பாளரிடம் போய், பதிவைப் போடச் சொன்னாள். தலைவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள். ஒவ்வொரு க்கும்முக்கும் அம்புக்குறி சுட்டுக்கொண்டது போல நகர்ந்து ஓடியது.

"யார் இது இருமறது?" என்றார் தலைவர்.

"நான்தான் சார். யாருக்கும் தானா வழி தெரியல. நான்தான் காட்டினேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வடிவமைப்பாளர் சிரித்தாள். இவளுக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் பிடிபடவில்லை. உங்கள் அறைச் சோதனையை முதலிலிருந்து நடத்துவோம், மேசை விஷயத்தை அதற்குப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுத் தலைவர் போய்விட்டார்.

இவள் தன் நாற்காலியைச் சோதனை அறைக்கு வெளியே தூக்கி வந்து, கண்ணாடிக் கதவுக்கு முதுகு காட்டிப் போட்டாள். உட்காரும் முன், அங்கேயும் பதிவுக் கருவி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இல்லை. உள்ளே முதல் மாணவன் கட்டடப் படத்தை அழுத்து அழுத்து என்று அழுத்திக்கொண்டிருந்தான். இவள் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு அடக்கிக்கொண்டு, மடியில் புத்தகத்தை வைத்துச் சீட்டு ஒட்டினாள்.