அரக்கு வைத்த ஆம்ப்ளிஃபயர்

எங்கள் பள்ளியில் ஒருமுறை 'என் தந்தையின் தொழில்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, "என் தந்தை தொழிற்சாலையில் பணிபுரிகிறார். நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். நான் மட்டும் 'நாட்டைக் காக்கும்' என்ற அடைமொழியைத் தொழிற்சாலைக்கு முன்னால் சேர்த்துப் பரிசு வாங்கினேன். அதற்கு மேல் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பாக்கள் சொல்வதில்லை, அம்மாக்கள் கேட்பதில்லை. தமிழ்நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்த ஒரே பழக்கம் அந்த மௌனம்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் என் மாமா ஒரு ரகசியத்தை வைத்திருந்ததில் வியப்பில்லை. அது அரசாங்கத்துடையது அல்ல, அவருக்கே சொந்தமானது என்பதுதான் வியப்பு.

மாமா என் அம்மாவின் அண்ணன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். தொழிற்சாலை நேரம் போக மிஞ்சிய பொழுதிலெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர் செய்வார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நகரத்துக் கடைகளில் எத்தனையோ வந்துவிட்டிருந்தன. ஆனாலும் பழைய வானொலிப் பெட்டிகளின் வால்வுகளைத் தேடி எடுத்து, டிரான்ஸ்ஃபார்மருக்குத் தம் கையாலேயே கம்பி சுற்றி, தேக்குப் பலகையை ஆணியில்லாமல் பல்லோடு பல் கோத்து, அவர் ஒரு பெட்டியைச் செய்து முடிக்கப் பொங்கல் போய்த் தீபாவளி வந்துவிடும். செய்து முடித்ததும் பின்பக்கத் திருகாணிகளின் தலைமேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, தம் சட்டைப் பொத்தானை அதன்மேல் அழுத்துவார். நான்கு துளைகளோடு அது பதியும். அதுதான் முத்திரை. பெட்டியை வாங்கிக்கொள்பவரிடம் அவர் சொல்வது ஒரே ஒரு நிபந்தனை: பழுதென்றால் தம்மிடம் கொண்டுவர வேண்டும்; வேறு எவரேனும் முத்திரையை உடைத்தால், அந்தப் பெட்டியைத் தாம் பிறகு தொடவே மாட்டார்.

மூடிவைத்த பெட்டியைச் சுற்றிக் கதைகள் முளைக்காமல் இருக்குமா? உள்ளே தார் ஊற்றி எல்லாவற்றையும் மறைத்திருக்கிறார் என்றார்கள். ரஷ்யாவிலிருந்து வந்த ஏதோ ஒரு பொருள் நடுவில் இருக்கிறது என்றார்கள். முறை தெரியாமல் திறந்தால் தானே எரிந்து சாம்பலாகிவிடும் என்றும் ஒரு பேச்சு உலவியது. இவற்றுள் கடைசியானது என்னுடைய கற்பனை. பதினொரு வயதில் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தவள் நான். கையில் கிடைத்த செய்தியை அலங்கரிக்காமல் அடுத்தவரிடம் கொடுப்பது என் இயல்புக்கு ஒவ்வாதது.

இந்த ரகசியத்தின்மீது வெளிப்படையாகக் கண் வைத்திருந்தவர் குமணன்சாவடி மைக்செட்காரர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எங்கள் வட்டாரத்தில் ஒலிக்கும் குழாய்களில் பாதி அவருடையவை. அவர் ஒருமுறை மாமாவிடம் நேராகவே வந்து கேட்டார்.

"நைனா, அந்த டிசைனக் குடு. பத்து பொட்டி பண்ணி பத்து ஊருக்கு வுடுவோம். உன் பேரையே போட்டுக்கலாம்."

மாமா காப்பியைக் கொடுத்து உபசரித்து, முடியாது என்று சொல்லி அனுப்பினார். வாசல்வரை போன மைக்செட்காரர் திரும்பி நின்று, "என்னிக்காச்சும் ஒரு நாளு அத்தத் தொறந்து பாக்காம வுடமாட்டேன், பாத்துக்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனினும் அன்று முதல் என் கணக்கில் அவர் எதிரணி.

அந்த ஆண்டு பொங்கல் விழா எங்கள் குடியிருப்பு மைதானத்தில் நடந்தது. மாலையில் மெல்லிசைக் கச்சேரி. அதற்கு முன் என் வரவேற்புரை. மைக்செட் குமணன்சாவடியாருடையது. கிட்டார் வாசிக்க வேண்டியவர், நாங்கள் நெமிலிச்சேரி அண்ணன் என்று அழைக்கும் இளைஞர். மாமாவின் பெட்டிகளில் மிகச் சிறந்தது அவரிடம்தான் இருந்தது. அவர் ஒரு தந்தியை மீட்டினால் அந்த ஒலி உடனே அறுந்துவிடாது. கனிந்து, வட்டமிட்டு, கேட்பவரின் நெஞ்சில் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்துபோகும். நகரத்துப் பெரிய இசைக்குழு ஒன்றின் தலைவர் அண்ணன் வாசிப்பதைக் கேட்டுப் பார்ப்பதற்காகவே அன்று வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் உடனே சேர்த்துக்கொள்வார் என்றார்கள்.

அந்த அண்ணன் சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரும் வழியில், ரயில்வே கேட்டுக்கு இப்பாலுள்ள பள்ளத்தில் இறங்கியபோது கயிறு நழுவியது. பெட்டி குப்புற விழுந்தது. தேக்கில் ஒரு கீறல் விழுந்ததே தவிர மூலைகள் இம்மியும் விலகவில்லை. ஆனால் மேடையில் வைத்து இணைப்புக் கொடுத்தபோது, சிவப்பு விளக்கு எரிந்தது, ஒலி வரவில்லை.

மைக்செட்காரர் தம் ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரைச் செருகிப் பார்த்தார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதைப் போல் இருந்தது. அண்ணன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மாமா தொழிற்சாலைக்குள் இருந்தார். அவருக்கு அன்று இரண்டாம் ஷிப்டு.

யாரோ அத்தையை அழைத்து வந்தார்கள். மாமாவின் மனைவி, திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனை ஆண்டானாலும் அந்தப் பேச்சை விடாதவர்.

"ஃபேக்டரி கேட்டுக்குச் சொல்லியனுப்பி அண்ணாத்தையக் கூப்டுங்கம்மா" என்றார் மைக்செட்காரர்.

"யாராவது செத்தாத்தான் உள்ள சேதி போவும். ஆம்ப்ளிஃபயர் செத்துட்டுன்னு எழுதிக் குடுக்கவா?" என்றார் அத்தை.

"அப்ப நான் தொறக்கட்டுமா?"

கோலப் போட்டிக்கு வந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முத்திரை உடைந்தால் மாமா அந்தப் பெட்டியை இனித் தொடமாட்டார். அவர் காத்துவந்தது எதிரியின் கண்முன் மல்லாந்து கிடக்கும். உடையாவிட்டால் அண்ணனுடைய வாய்ப்பு அன்றோடு போயிற்று. அண்ணன் தலை நிமிராமல், "வேணாங்க. மாமாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

அத்தை அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வாக்கு நீ குடுத்தது. நான் குடுக்கல. அண்ணாச்சி, தொறங்க. ஆனா வேற ஒரு கண்ணு பாக்கப்படாது."

வீட்டிலிருந்து ஒரு சுங்குடிச் சேலை வந்தது. மேடை மூலையில் நான்கு பெண்கள் அதை விரித்துப் பிடித்து அறைபோல் ஆக்கினார்கள். உள்ளே மைக்செட்காரரும் பெட்டியும். காவலாக என்னை அனுப்பினார் அத்தை. "ஏட்டி, அவரு கைய விட்டுக் கண்ண எடுக்காத, என்ன?"

அரக்கு உடைந்த சத்தம் சிறிதுதான். எனக்கு எங்கேயோ வலித்தது.

பின்பலகை கழன்று வந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். தார் இல்லை. மர்மப் பொருள் எதுவும் இல்லை. எரிந்து சாம்பலாகும் அறிகுறியும் இல்லை. கம்பிகள் இருந்தன; அவ்வளவுதான். நெருக்கித் தொடுத்த மல்லிகைச் சரத்தைப் போல், மெழுகிட்ட நூலால் சம இடைவெளியில் முடிச்சிட்டுக் கட்டிய கம்பிகள். கடுகு கடுகாக மின்னும் ஈயப் பற்றுகள். திருகாணிகளின் தலையிலுள்ள பிளவுகள் எல்லாம், நெற்றியில் இட்ட கோபிச்சந்தனக் கோடுபோல், ஒரே திசையில் நேராக நின்றன.

"உள்ள தார் ஊத்திருக்குன்னாங்களே?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னது?"

நான் அடுத்த கேள்விக்குத் தாவினேன். "ரஷ்யா சாமான் எங்க?"

"இதுல கீற சாமான் பூரா என் கடையிலயே கீது கண்ணு" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே. "கொஞ்சம் பேசாம இரு. வாயி வலிக்கலயா உனக்கு?"

அதன்பின் அவர் நெடுநேரம் எதையும் தொடவில்லை. ஒரு கம்பி தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, படாமல், அது முடியும் இடம்வரை காற்றிலேயே கொண்டுபோனார். அடுத்த கம்பி. அதற்கடுத்தது. வெளியே அத்தை, "ஆச்சா அண்ணாச்சி?" என்று கேட்டது அவர் காதில் விழவில்லை. ஒருமுறை மட்டும், "இன்னா மனுசன்யா" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் ஒரு கம்பி பற்று விட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து ஒட்டினார். ஒட்டுவதற்காக அவிழ்த்த நூலை மீண்டும் அதே முடிச்சில் கட்டினார். சரியாக வரவில்லை என்று அவிழ்த்து, மறுபடியும் கட்டினார். திருகாணியை இறுக்கிய பிறகு, அதன் பிளவு மற்றவற்றோடு ஒரே நேராக வரும்வரை மெல்லத் திருப்பி நிறுத்தினார். எனக்கு வரவேற்புரைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் ஏன் இவ்வளவு தாமதிக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

சேலையை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வந்ததும் கூட்டம் மொய்த்தது. அவருடைய ஆட்களில் ஒருவன்தான் முதலில் கேட்டான்.

"இன்னா அண்ணாத்தே, உள்ள இன்னா கீது? புட்ச்சிட்டியா?"

மைக்செட்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஒண்ணியும் புரியலபா. ஒரு கம்பி வுட்டுகினு இருந்திச்சி, கண்ணுக்குத் தெரிஞ்சிச்சி, ஒட்டிட்டேன். மத்ததெல்லாம் தலையும் தெரியல, வாலும் தெரியல. அது வேற மாரி வேலடா. நமக்கெல்லாம் வராது."

அவன் விடவில்லை. "தாரு கீதா?"

"அதெல்லாம் கேக்காத."

எதிரணி தன் தோல்வியைத் தானே ஒப்புக்கொண்டபின் நான் சும்மா இருப்பேனா? எழுதி மனப்பாடம் செய்திருந்த வரவேற்புரையை அப்படியே ஒதுக்கிவிட்டு, ஒலிவாங்கியின் முன் நின்று, "பெரியோர்களே! தாய்மார்களே! குமணன்சாவடியின் அனுபவம் இன்று எங்கள் ஆவடியின் அறிவின் முன்னால் மண்டியிட்டது! திறந்தும் காண முடியவில்லை, கண்டும் அறிய முடியவில்லை!" என்று முழங்கினேன். கைத்தட்டல் எழுந்தது. மேடையோரம் தம் கருவிகளின் முன் உட்கார்ந்திருந்த மைக்செட்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார், ஒரு குமிழைச் சற்றே திருகினார். என் குரல் திடீரென்று பருத்து, மைதானத்தைத் தாண்டி ஓடியது.

அண்ணன் அன்று வாசித்ததை வருணிக்க எனக்கு மேடைத் தமிழ் போதாது. நகரத்துக் குழுத் தலைவர் கச்சேரி முடிவதற்குள்ளாகவே அவரிடம் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணன் பெட்டியோடு வந்து மாமாவின் முன் குற்றவாளியைப் போல் நின்றார். மாமா உடைந்த அரக்கைப் பார்த்தார், முகம் கறுத்தது. அத்தை அடுக்களை வாசலில் வந்து நின்று, "நாந்தான் தொறக்கச் சொன்னேன். எதுன்னாலும் என்னச் சொல்லுங்க" என்றார். மாமா பின்பலகையைக் கழற்றினார், ஒட்டிய இடத்தைத் தேடினார். உடனே அகப்படவில்லை. அகப்பட்டதும் அந்த நூல் முடிச்சைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு திருகாணியை.

"வெளிய வந்து அவரு என்னட்டி சொன்னாரு?" என்று என்னைக் கேட்டார்.

நான் பெருமிதத்தோடு நடித்தே காட்டினேன். தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை என்ற இடத்தில் மைக்செட்காரரைப் போலவே கையை விரித்தேன். மாமா சிரிக்கவில்லை. நெடுநேரம் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் பலகையை மூடினார். அரக்கு உருக்கவில்லை.

"இனிமே இதுக்கு என்ன வந்தாலும் என்கிட்டக் கொண்டாராத" என்றார் அண்ணனிடம். "குமணன்சாவடிக்குக் கொண்டு போ."

நான் அதைத் தண்டனை என்று நினைத்தேன். சொன்ன சொல் தவறாதவர் என் மாமா என்று வகுப்பில் போய்ப் பேசினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு குமணன்சாவடிக்குப் புறப்பட்டது எனக்கு விளங்கவில்லை. வென்றவர் தோற்றவரின் கடைக்குப் பழத்தோடு போவானேன்? அதன்பின் மாமா செய்த பெட்டிகளிலும் அரக்கு இருந்தது, பொத்தான் முத்திரை இருந்தது, ஊரார் கதைகளும் குறையாமல் இருந்தன. பழுது பார்க்க மட்டும் அவை அனைத்தும் அந்த ஒரு கடைக்கே போயின.

இன்று நான் பட்டிமன்ற மேடைகளில் எதிரணியின் வாக்குமூலத்தில் உள்ள முரணைப் பிடித்து இழுத்துக் கைத்தட்டல் வாங்குகிறவள். புரியாத ஒன்றை ஒருவர் பழுது பார்க்க முடியுமா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எல்லாச் சாமானும் தம் கடையிலேயே இருப்பதாக அவர் என் ஒருத்தியிடம்தான் சொன்னார். அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டே நான் அவரைத் தோற்றவர் என்று அறிவித்தேன். ஒளித்துவைக்க அங்கே எதுவுமே இல்லை என்பதையும், ஒருவர் செலுத்திய கவனத்தைத் தவிர அந்தப் பெட்டிக்குள் வேறெதுவும் இல்லை என்பதையும் அவர் அந்தச் சேலைக்குள் கண்டுகொண்டார். கண்டதை ஊருக்குச் சொல்லாமல் தம் பங்குக்கு ஒரு முத்திரையை வைத்துவிட்டுப் போனார்.

என் முழக்கம் அன்று பருத்திப்பட்டு ஏரிக்கரைவரை கேட்டதாம். பல நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவ்வளவு தூரம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய விரல்.