பத்தாவது அளவு

என் தங்கை அமலோற்பவத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. இருபத்தாறு வருடமாக அந்த ஒரு நாளையும் கோயிலுக்கே கொடுத்து வருகிறாள்.

திங்கள் முதல் சனி வரை காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். சிறுசேரியில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஏழு மாடியையும் ஒரு நாளைக்கு நான்கு தடவை சுற்றி வர வேண்டும். மாலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய வலது காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்றால், ஆறு மணிக்கே எழுந்து புடவை மடிப்பை நீவிக்கொண்டிருப்பாள். ஏழு மணிப் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் மறைக்கல்வி வகுப்பு. புது நன்மைக்குத் தயாராகும் பிள்ளைகள் அவள் பொறுப்பு. புது நன்மை என்பது ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். கடலோரத்தில் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான்.

நான் மூத்தவள். எட்டாவதோடு நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அவளைப் பத்தாவது முடிக்க வைத்தது அந்த மிஷின்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவள் புருஷன் போன பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இதுவரை அவள் கையால் எழுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் புது நன்மை வாங்கியிருக்கிறார்கள். அவள் எண்ணியதில்லை, நான்தான் எண்ணி வைத்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வெள்ளைக் கவுன் தைத்தது நான்.

முன்பெல்லாம் நாற்பது பிள்ளைகள் வருவார்கள். போன வருடம் பதினேழு. டியூஷன், கராத்தே, கீபோர்டு என்று ஆளுக்கொரு காரணம். வருகிறவர்களும் அரைத் தூக்கத்தில் வருவார்கள். ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். எதிரே குருவானவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, செய்த தப்புகளை மனசுக்குள் வரிசைப்படுத்தச் சொன்னாள்.

"டீச்சர், நான் ஒண்ணுமே பண்ணல. இன்னா சொல்றது?" என்றான் ஒருவன்.

பக்கத்திலிருந்தவன், "என்னாண்ட நெறைய கீது மச்சான். ரெண்டு எடுத்துக்க" என்றான்.

கொட்டகையே சிரித்தது. அமலோற்பவமும் சிரித்துவிட்டு, "குடுத்தவன் ஒரு பாவம், வாங்கினவன் ஒரு பாவம். ரெண்டு பேருக்கும் இப்ப கணக்கு வந்துடுச்சு, எழுதிக்கோங்க" என்றாள். அப்போது சிரிக்காமல் கை தூக்கியவள் காயத்ரி. "டீச்சர், தப்புன்னு தெரியாம செஞ்சா அது பாவமா?" என்று கேட்டாள்.

காயத்ரிக்கு ஒன்பது வயது. அவள் வகுப்புக்கு வந்த கதை சிறியது. அவளுடைய அம்மா கண்ணகி, அமலோற்பவத்தின் கீழே நான்காம் மாடியில் வேலை செய்கிறாள். படாளம் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா குமார் கம்பெனி ஆட்களுக்குக் கேப் ஓட்டுகிறார். எங்கள் தெருவிலேயே ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் கண்ணகிக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி போட்டார்கள்.

"பொண்ண எங்கக்கா வுட்டுட்டு வர்றது? வூட்ல ஒண்டியா வுட பயமா கீது" என்று கண்ணகி கேட்டிருக்கிறாள்.

"என் கிளாஸ்ல குந்தட்டும். பத்து மணிக்கு மேல எங்க அக்கா பாத்துக்கும்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். என்னைக் கேட்காமலேயே.

அப்படித்தான் உட்கார்ந்தாள். முதல் வருடம் படம் வரைந்தாள். இரண்டாம் வருடம் மற்றவர்களுக்கு முன்னால் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாம் வருடம் உத்தம மனஸ்தாப ஜெபம் முழுவதையும் ஒரு சொல் தட்டாமல் சொன்னவள் அவள் ஒருத்திதான். மழை நாளில் வகுப்பில் அவளும் டீச்சரும் மட்டும் இருந்ததுண்டு. அந்த நாட்களில்தான் என் தங்கை முகத்தில் களைப்பு குறைந்து வீடு திரும்புவாள்.

ஏப்ரலில் நான் கவுனுக்கு அளவெடுக்கப் போனேன். பெண் பிள்ளைகளைக் கொட்டகை ஓரமாக வரிசையில் நிற்கவைத்து, தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். அமலோற்பவம் உள்ளே ஆண் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து துணியை வெட்டிய பிறகுதான் புது நன்மைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். பட்டியலில் ஒன்பது பெயர். என் நோட்டில் பத்து அளவு. பத்தாவது காயத்ரி. அவளும் வரிசையில் வந்து நின்றிருந்தாள். கையை விரித்து, மூச்சைப் பிடித்து நின்றது எனக்கு நினைவிருந்தது. அளவெடுக்கும் மும்முரத்தில் நானும் யோசிக்கவில்லை.

பத்துக்கும் வெட்டியாகிவிட்டது. ஆனாலும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அமலி, காயத்ரி ஞானஸ்நானம் வாங்கல இல்ல?"

அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். "இல்ல."

"அதுங்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"ஞானஸ்நானம் இல்லாம நன்ம குடுக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா? மூணு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"தெரியும்க்கா. இன்னிக்கி சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம வந்தா எனக்கு அதுக்குத் தெம்பு இருக்கறதில்ல. கேக்கற கொழந்த அது ஒண்ணுதான். அதயும் எப்படி எழுப்பி அனுப்பறது?"

மறுநாள் மாலை வேலையிலிருந்து நேராகப் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். ஏசுபாதம் சாமியார் இளைஞர், கோபக்காரர் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"டீச்சர், அப்பா அம்மா ரெண்டு பேரும் மனசா வந்து கேக்காம நான் ஞானஸ்நானம் குடுக்க மாட்டேன். கேட்டாலும் அவசரப்பட மாட்டேன். நாளைக்கு யாராவது வந்து, எங்க பொண்ணுக்கு ஏன் தண்ணி ஊத்தினன்னு நின்னா, நீங்களும் நானும்தான் பதில் சொல்லணும்."

"தப்பு என்னுதுதான் ஃபாதர்."

"தப்புன்னு நான் சொல்லலையே. அந்தப் பொண்ணு வரிசையில கடைசியா வரட்டும். கைய நெஞ்சுல குறுக்கக் கட்டிக்கினு வந்தா நான் ஆசீர்வாதம் குடுக்கறேன். ஆனா விஷயத்த நீங்களே சொல்லிடுங்க."

கண்ணகியிடம் சொன்னபோது அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதுக்காக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வந்தீங்க? எங்க கோயில்ல பிரசாதம் யார் கை நீட்டினாலும் குடுப்பாங்க. நீங்களும் அது கைல ஒண்ணு வெச்சிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் இல்ல கண்ணகி."

உள்ளேயிருந்து குமார் வெளியே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, நீங்க பொண்ணப் பாத்துக்கினதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பேர மாத்தறது, தண்ணி ஊத்தறது, அதெல்லாம் வாணாம். ஊர்ல எங்க அப்பாவுக்கு நான் பதில் சொல்லணும்."

"நான் கேக்க வரல தம்பி. ஆவாதுன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் அமலோற்பவம்.

மிச்சமிருந்தது காயத்ரிதான். அந்த ஞாயிறு வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடிய பிறகு, கொட்டகைப் படியில் அவளை உட்காரவைத்துச் சொன்னாள். நான் கவுன்களை மடித்தபடி பக்கத்தில் இருந்தேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னாள். நீ நன்மை வாங்க முடியாது, ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குத்தான், இதை நான் முதல் வருஷமே சொல்லியிருக்கணும் என்று.

காயத்ரி அழவில்லை. "தண்ணி ஊத்தினா முடிஞ்சிடும் இல்ல? நீங்களே ஊத்துங்க டீச்சர். ஆபத்துல யார் வேணா ஊத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சாவற ஆபத்துல. நீ நல்லா குந்திக்கினு கீற."

"எனக்கு ஆபத்து வந்தா?"

"வராது. வாயக் கழுவு."

"வந்தா?"

அமலோற்பவம் அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து நெஞ்சில் குறுக்காக வைத்துக் காட்டினாள். பிறகு, கையைக் கட்டிக்கொண்டு வந்தால் ஆசீர்வாதம் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தாள்.

"அது கைக்கொழந்தைங்களுக்கு" என்றாள் காயத்ரி. "எனக்குக் கெடையாதுன்னா அப்ப ஏன் டீச்சர் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"நீ கேட்ட. அதான்."

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். பத்தாவது கவுனுக்கு வெட்டிய துணியை ஒன்பது பேரில் ஒருத்திக்கு உள்பாவாடையாக மாற்றித் தைத்தேன். உட்கார்ந்து செய்தால் அரைமணி வேலை. எனக்கு அன்று சாயங்காலம் முழுவதும் ஆனது.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு புது நன்மை. கோயில் நிறைந்திருந்தது. பதினேழு பிள்ளைகளும் மெழுகுவர்த்தியோடு இரண்டிரண்டாக நடந்தார்கள். எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் வாங்கிய பிறகு அவர்களுக்குப் பின்னால் டீச்சர் வாங்க வேண்டும். சபை முழுவதும் அதைப் பார்க்கும். இருபத்தைந்து தடவை அப்படி நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் மூன்றாவது பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.

காயத்ரியும் வந்திருந்தாள். கண்ணகிக்கு அன்றும் டியூட்டி. பச்சைப் பாவாடை சட்டையில் கடைசி பெஞ்சில், மின்விசிறி இல்லாத மூலையில், தனியாக உட்கார்ந்திருந்தாள். வாங்கப் போகும்போது பிள்ளைகள் சிலர் திரும்பிப் பார்த்து, நீ ஏன் வரவில்லை என்று கையால் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

கடைசிப் பிள்ளை வாங்கி நகர்ந்தது. சாமியார் அடுத்த அப்பத்தை எடுத்தார். அமலோற்பவம் கை நீட்டவில்லை. தலை குனிந்து கும்பிட்டாள். பிறகு திரும்பி, அந்த வலது காலை இழுத்துக்கொண்டு, கோயிலின் நீளம் முழுவதும் நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். எல்லாத் தலைகளும் அவளோடு திரும்பின. காயத்ரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

வெளியே வந்ததும் ஆரம்பித்துவிட்டது. பாடகர் குழு சாராள் என் காதில் படும்படியே இன்னொருத்தியிடம் சொன்னாள்: "இன்னா, டீச்சர் நன்ம வாங்கல? சாவான பாவத்துல இருந்தாதான் வாங்கக் கூடாது, அதுல கீறாங்களோ? ஒண்டிக்கட்ட, யாருக்குத் தெரியும்?"

நான் திரும்பினேன். "சாராளு, உன் மூணு பசங்களுக்கும் ஜெபம் சொல்லிக் குடுத்த வாய் அதுதான். இன்னும் ஒரு வார்த்த பேசின, உன் பிளவுஸ நீயே தெச்சிக்கோ." அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஒரு மாதம் தெருவில் அதுதான் ஓடியது.

சாமியாரும் கேட்டார். "என்ன டீச்சர், உடம்புக்கு என்ன?"

"கால் வலி ஃபாதர்" என்றாள் அவள்.

வீட்டில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "இருபத்தாறு வருஷப் பேரு அமலி. ஒரு நிமிஷத்துல போச்சு. வாங்கிட்டுப் போயி அதுங்கிட்ட குந்தியிருக்கலாம் இல்ல? அதுக்காவ நீ பட்டினி கெடக்கணுமா?"

அவள் வெந்நீரில் காலை வைத்திருந்தாள். "வாங்கிட்டுப் போயி பக்கத்துல குந்தினா இன்னாக்கா அர்த்தம்? எனக்குக் கெடச்சுது, உனக்கு இல்லன்னுதானே? அடுத்த ஞாயிறு நான் வாங்கிக்கறேன். சாமி எங்கியும் போவாது." கண்ணை மூடிக்கொண்டாள். "பேசறவங்க பேசட்டும். என்னால இன்னிக்கி யாருக்கும் பதில் சொல்ல முடியல."

ஜூனில் வகுப்பு மறுபடி தொடங்கியது. போதும், வேறு யாரையாவது பாருங்கள் என்று சாமியாரிடம் அவள் சொல்லியிருந்தாள். அவரும் மூன்று வாரம் பூசையில் அறிவித்துப் பார்த்தார். யாரும் முன்வரவில்லை. புதிதாகப் பதினான்கு பிள்ளைகள். முதல் மூன்று ஞாயிறு காயத்ரி வரவில்லை. கண்ணகியிடம் கேட்டால், "வூட்லயே இருக்கறேன்னு அடம் புடிக்கிதுக்கா" என்றாள். அமலோற்பவம் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மூன்று வாரமும் வகுப்பை ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கினாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

நான்காம் ஞாயிறு அவள் வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று. வழக்கம்போல் படியில் உட்கார்ந்தாள். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"காயத்ரி வந்திச்சு" என்றாள்.

"கிளாஸ்ல குந்திச்சா?"

"பின்னால, எங்களுக்கு முதுகக் காட்டிக்கினு குந்திச்சு. கணக்கு போட்டுக்கினு இருந்திச்சு. அம்மாவுக்கு டியூட்டி, வேற எடம் இல்லன்னு சொல்லிச்சு."

"நீ எதனா கேட்டியா?"

"இல்லக்கா. எடம்தானே கேட்டாங்க, இருக்கட்டும்."

"அது எதனா பேசிச்சா?"

அவள் மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். செருப்பின் வாரைக் கழற்றக் குனிந்தாள். முடியவில்லை. நான் கழற்றிவிட்டேன்.

"ரப்பர் கீதான்னு கேட்டுச்சு. குடுத்தேன்" என்றாள். "அடுத்த வாரம் தரேன்னு எடுத்துக்கினு போயிடுச்சு."